மண்ணுக்கடியில் ரத்னா

படுக்கறதுக்கு எந்த ஊரு மண்ணு நல்லதுன்னு என்னைக் கேட்டா, செங்கல்பட்டு செம்மண்ணைத்தான் சொல்லுவேன். வெட்டறதுதான் கஷ்டம், கடப்பாரை போட்டாத்தான் பேரும். ஆனா வெட்டின குழி வெட்டினபடி நிக்கும், ஓரம் சரியாது. ஏரி மண்ணு வேணாம். ஈரம் முதுகு வழியா ஏறிக்கும், அப்பால வாரக்கணக்குல இருமிகினு கெடக்கணும். கடல் மண்ணு சுலுவு, சின்னப் புள்ளைங்க கையாலயே தோண்டிடும். ஆனா நம்ப முடியாது. ஓரத்துல ஒரு நாய் ஓடினாக்கூட பொலபொலன்னு உள்ள வுழும்.

இங்க வர வழியில ஏதோ கட்டடத்துக்குக் கடக்கால் தோண்டி வச்சிகீறாங்க. வேன் ஜன்னல் வழியா பார்த்தேன். நல்ல மண்ணு. அதான் சொன்னேன்.

நீங்க கேட்டதுக்கு பதில் சொல்லிடறேன் மாஜிஸ்ட்ரேட் ஐயா. யாரும் என்னை அடிக்கல. மிரட்டல. ஒத்துக்கினா வுட்டுடறோம்னு ஆசை காட்டல. நான் சொல்றதை எனக்கு எதிராவே வச்சுக்கலாம்னு நீங்க படிச்சுச் சொன்னது நல்லா புரிஞ்சுது. நான் இங்க வந்ததுல கோதண்டராமன் வக்கீல் ஐயாவுக்குத்தான் கோவம். நல்ல மனுசன், எனக்காக சொம்மாவே அலையறாரு. "புருஷன் கொடுமை தாங்காம செஞ்சுட்டேன்னு சொல்லும்மா"ன்னாரு. மாட்டேன்னேன். "சரி, வேடிக்கை காட்டறப்போ தவறிப்போச்சுன்னாவது சொல்லு"ன்னாரு. அதுவும் மாட்டேன்னேன். ரெண்டும் பொய்யி. பொய்யி சொல்லி வெளிய வந்து நான் இன்னா பண்ணப் போறேன்?

எம்பேரு ஆதியம்மாள். மாவலிபுரத்துக்குத் தெக்கால கொக்கிலமேடு குப்பம். போர்டுல மட்டும் வேற பேரு. 'மண்ணுக்கடியில் ரத்னா'ன்னு மஞ்சத் துணியில செவப்பு எழுத்து. நீங்க இந்த ஊருக்குப் புதுசா மாத்தலாகி வந்தவருன்னாங்க, பார்த்திருக்க மாட்டீங்க. உங்க டவாலி பார்த்திகீறாரு. உள்ள நொழையறப்பவே அவரு மூஞ்சியில தெரிஞ்சுது.

நான் பண்ணது இன்னான்னா, காலையில மைதானத்துல வந்து தலையில தண்ணிக்கொடத்தோட ஒத்தக் கால்ல நிப்பேன். வெயில் உச்சிக்கு ஏறற வரைக்கும் கால மாத்த மாட்டேன், கொடத்துல கை வைக்க மாட்டேன். மத்தியானம் கவுந்து படுப்பேன், முதுகு மேல டியூப் லைட்டை ஒடைப்பாங்க. வெயில் தாழ்ந்தப்புறம் குழி. ஆள் நீளத்துக்கு வெட்டி என்னை உள்ள படுக்க வச்சு, மேல பலகை, பலகை சந்துக்கெல்லாம் களிமண்ணு, அதுக்கு மேல ஓலைப் பாய், பாய் மேல மண்ணு. மண்ணை மெறிச்சு சமம் பண்ணிடுவாங்க. அந்த ஊரு பெரிய மனுசர் யாராவது வந்து மேல ஏறி நின்னு பார்ப்பாரு. அப்பால ஜனங்க காத்துகினு இருக்கணும். விளக்கு வைக்கற நேரத்துக்குத் தோண்டுவாங்க. நான் எழுந்து நின்னு நாலு பக்கமும் கும்பிடுவேன்.

எங்கூட்டுக்காரரு பூவராகவன் தலைமாட்டுல மைக் கம்பத்தை ஊனிகினு நின்னு பேசுவாரு. ஒரு கை எப்பவும் கம்பத்து மேலயே இருக்கும். யாரையும் கிட்ட வுட மாட்டாரு.

திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், கேளம்பாக்கம், கோவளம், பொத்தேரி ஏரிக்கரைன்னு படுக்காத ஊரு இல்ல. ஒரு ஊர்லயும் ஒருத்தரும் வந்து, பொம்பளைய ஏன்யா உசுரோட பொதைக்கறீங்கன்னு கேக்கல. ஒரு ஊர்ல இன்ஸ்பெக்டரே முன்னால நாற்காலி போட்டு குந்திகினு இருந்தாரு. பொண்டாட்டி புள்ளைங்களையும் கூட்டிகினு வந்திருந்தாரு. நான் அவரைக் கொறை சொல்லல. அவரு கண்ணு நான் எழுந்து வர வரைக்கும் மண்ணை வுட்டு நகரல. அதான் எனக்கு வேணும்.

மூச்சு எனக்குப் பொறப்புலயே வந்தது. எங்க குப்பத்துல பொம்பளைங்க கட்டுமரம் ஏற மாட்டாங்க. பாறையில ஒட்டிகினு இருக்கற மட்டியைப் பேர்க்கப் போவாங்க. மத்தவங்க இடுப்பளவுல நின்னு பேர்ப்பாங்க, நான் முங்கிப் போவேன். எங்கம்மா கரையில நின்னு மாருல அடிச்சுகினு அழுது முடிச்சு, கண்ணைத் தொடைச்சுகினு வூட்டைப் பார்த்துத் திரும்பறப்போ, மடி நெறைய மட்டியோட மேல வருவேன். நாலு அறை வுடும். அடுத்த நாளு மறுபடியும் போவேன்.

எங்கூட்டுக்காரருக்குத் திருவிடந்தை. அந்த ஊரு சாமி பேரைத்தான் அவருக்கு வச்சிருந்தாங்க, பூமாதேவியைத் தூக்கினு வந்த சாமி. அவருக்கு மைக் செட்டு தொழில். மாசி மகத்துக்கு மாவலிபுரம் கடற்கரையில ரேடியோ கட்ட வந்தவரு, ஈரப் புடவையோட நான் பாறையிலேருந்து வரதைப் பார்த்துட்டு பொண்ணு கேட்டாரு. குப்பத்துக்கு வெளிய குடுக்க மாட்டோம்னாங்க எங்காளுங்க. அவரு வுடல. எங்க குப்பத்து நாட்டாரு இருசப்பன் வூட்டு வாசல்ல வந்து நாள்பூரா நின்னாரு. கடைசியில கட்டி வச்சாங்க.

கல்யாணமான புதுசுல மாவலிபுரத்துக்கு சிங்காரம்னு ஒரு சைக்கிள்காரரு வந்தாரு. கீழ கால் வைக்காம சைக்கிள்லயே சுத்திகினு இருப்பாரு. சோறு, தண்ணி, குளியல் எல்லாம் அது மேலயே. கடைசி நாளு குழியில படுப்பாருன்னு நோட்டீசு. மைக் செட்டு எங்கூட்டுக்காரரோடது. கடைசி நாளு பார்த்து சிங்காரத்துக்கு ஜொரம், கண்ணு செருகுது, நாக்கு கொழறுது. சுத்துப்பட்டு ஜனம் பூரா வந்து நிக்குது. ஏமாத்தறானுங்கன்னு ஒருத்தன் கத்தினான், நாலு பேரு கல்லைத் தேடினாங்க. அவருக்காக வெட்டி வச்சிருந்த குழியை நான் பார்த்தேன். கடலைவுட ஆழம் கொறைச்சல்தானேன்னு தோணுச்சு.

"நான் படுக்கறேன்"னேன்.

அவரு மைக்கைக் கையால பொத்திகினு, "இன்னாமே, பைத்தியமா?"ன்னாரு. நான் அதுக்குள்ள எறங்கிட்டேன்.

அன்னிக்கு எழுந்து வந்தப்போ ஒரு சத்தமும் இல்ல. அலை சத்தம் மட்டும் கேட்டுச்சு. அத்தினி பேரும் என்னைப் பார்த்துகினு இருந்தாங்க. மீன்கூடைய எறக்கறப்போ யாரும் என்னை அப்பிடிப் பார்த்ததில்ல. தாலி கட்டறப்போகூட பார்த்ததில்ல. அப்பாலதான் கத்தினாங்க. எனக்கு ஒடம்புன்னு ஒண்ணு கீதுன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அவரு அடிச்சாரான்னு கேக்கறீங்க. ஒரு நாளும் இல்ல. குடிச்சாரா, இல்ல. எனக்குப் புடிக்காததைச் செய்யச் சொன்னாரா, அதுவும் இல்ல. குழிய வேற யாரையும் வெட்ட வுட மாட்டாரு, அவரே வெட்டுவாரு. கல்லு பொறுக்கி எறிஞ்சுட்டு அவரே ஒரு தபா கையால தடவிப் பார்ப்பாரு. என்னை எறக்கி, மண்ணு போவாதுன்னு காதுல பஞ்சு வச்சு, மூஞ்சி மேல ஈரத்துணி போடுவாரு. ராவுல முதுகுல ஏறின கண்ணாடிச் சில்லை விளக்கெண்ணெய் தடவி, ஊக்கால ஒவ்வொண்ணா எடுப்பாரு. நான் கத்த மாட்டேன். அவருதான் ஸ்ஸ்ஸ்னுவாரு. வக்கீல் ஐயா இதெல்லாம் சொல்லாதேன்னாரு. நடந்ததைச் சொல்லாம வேற எதைச் சொல்றது?

ஒரு கொழந்தை தங்குச்சு. அவர்கிட்ட நான் சொல்லல. மதுராந்தகத்துக்கு நோட்டீசு அடிச்சாச்சு, சொன்னா நிறுத்திடுவாரு. அங்க குழிலேருந்து எழுந்து கும்பிடறப்போ புடவை நனைஞ்சிருந்துச்சு. ஜனங்க வேர்வைன்னு நெனைச்சுகினு கை தட்டுனாங்க. அவருக்குத்தான் தெரிஞ்சுது. வூட்டுக்கு வந்து செவுத்தைப் பார்த்து படுத்துகினு அழுதாரு. சோறு வேணாம்னுட்டாரு. எனக்கு அழுவாச்சி வரல. அன்னிக்கு நான் படுத்த மாதிரி ஒரு நாளும் படுத்ததில்லன்றதுதான் என் மனசுல இருந்துச்சு. உள்ள ஒரு உசுரு பிரியறப்போகூட நான் அசையல. அதை யார்கிட்ட சொல்றது? அடுத்த வாரம் கேளம்பாக்கத்துல ஆட்டம் இருந்துச்சு. போனேன்.

நீங்க எழுதறதை நிறுத்திட்டீங்க. எழுதுங்க ஐயா.

மாவலிபுரத்துல அப்போ வெள்ளைக்காரங்க நெறைய வந்துகினு இருந்தாங்க. தாடி வளத்துகினு, வெறுங்காலோட, கோயிலைச் சுத்தி குந்திகினு இருப்பாங்க. அதுல ஒரு அம்மா என் ஆட்டத்தை காலையிலேருந்து விளக்கு வைக்கற வரைக்கும் நின்னுகினே பார்த்துச்சு. நான் ஒத்தக் கால்ல நின்னா அதுவும் அசையாம நிக்குது. மறுநாளு வழிகாட்டி சாலமோனைக் கூட்டிகினு எங்க வூட்டுக்கே வந்துடுச்சு.

சாலமோன் சொன்னாரு, "ஆதிம்மா, இவங்க ஊர்லயும் ஒடம்பை வச்சு இதுமாரி பண்றவங்க கீறாங்களாம். கத்தியால கிழிச்சுக்கறது, நாள்கணக்கா ஒரே எடத்துல குந்திகினு இருக்கறது. பெரிய பெரிய ஹாலுல பண்றாங்களாம், படிச்சவங்க வந்து பார்க்கறாங்களாம். அதுக்குப் பேரு கலைன்றாங்க. இவங்களும் அதைத்தான் பண்றாங்களாம்."

அந்த அம்மா இன்னொண்ணு கேட்டுச்சு. உள்ள இருக்கறப்போ இன்னா இருக்குதுன்னு. அத்தினி வருசத்துல அதை யாரும் கேக்கல. எப்பிடி மூச்சு வுடறன்னு கேப்பாங்க, பயமா இல்லையான்னு கேப்பாங்க. இதைக் கேட்டதில்ல. நான் யோசிச்சுச் சொன்னேன். மொதல்ல ஜனங்க சத்தம் போயிடும். அப்பால காலு போயிடும், கையி போயிடும். கடைசியில மூச்சு மட்டும் பூனைக்குட்டி மாதிரி மாருல சுருண்டு படுத்துக்கும். அதை எழுப்பக் கூடாது. அவ்ளோதான் என் வேலை.

சாலமோன் அதைச் சொல்லச் சொல்ல அந்த அம்மா கண்ணை மூடிகினு கேட்டுச்சு. போறப்போ என் கையைப் புடிச்சுகினு கொஞ்ச நேரம் வுடல.

ராவுல அவர்கிட்ட சொன்னேன், "இது கலையாம்யா."

"கலையோ கொலையோ, முதுகைக் காட்டு. எண்ணெய் வைக்கணும்"னாரு. சிரிச்சுகினுதான் சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல.

போன வருசம் பொங்கல் கழிஞ்சு, கல்பாக்கத்துல ஒயரிங் வேலை செய்யற ஞானதாஸ்னு அவரு கூட்டாளி வந்தாரு. அங்க அணு மின்சாரத்துக்கு பெரிய பெரிய கட்டடம் எழும்பிகினு இருந்துச்சு. ஆளு எடுக்கறாங்க, மாசச் சம்பளம், அப்பால இருக்கறதுக்கு வூடும் வரும்னாரு. எங்கூட்டுக்காரரு என்னைக் கேக்காமலே தலையாட்டிட்டாரு. மாவலிபுரத்துல ஒரு கடைசி ஆட்டம், அத்தோட போர்டைக் கழட்டிடலாம்னு என்கிட்ட சொன்னாரு.

"நீ போய்யா வேலைக்கு. நான் வேணாங்கல. ஆட்டத்தை நான் பார்த்துக்கறேன்"னேன்.

"யாரு குழி வெட்டறது?"

"ஆளா இல்ல? சிங்காரத்தைக் கூப்ட்டா வந்துட்டுப் போறாரு."

அவரு மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துடுச்சு. "சிங்காரத்தை வச்சுகினு படுக்காதமே. செத்துடுவ."

"இத்தினி வருசமா சாவாதவ இப்போ ஏன்யா சாவறேன்?"

அவரு எழுந்து போய் மைக் கம்பத்தை எடுத்துகினு வந்து என் முன்னால கவுத்தாரு. அடித்தட்டைத் திருகிக் கழட்டினாரு. உள்ள வெறும் பைப்பு. மேல மைக்கு மாட்டற எடத்துல, கூட்டத்துக்குத் தெரியாத பக்கமா ஒரு ஓட்டை. "ஊது"ன்னாரு. அடிப்பக்கம் வாய் வச்சு ஊதினேன். மேல அந்த ஓட்டைகிட்ட அவரு கன்னத்தை வச்சுகினு இருந்தாரு.

"இந்தக் காத்துதான் ஆதி. மொத நாளு நீ பாட்டுக்கு எறங்கிட்ட, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இதைக் கழட்டி உன் தலைமாட்டுல சொருவினேன். அப்பால பலகையிலயே ஓட்டை போட்டுட்டேன். நான் கம்பத்தைப் புடிச்சுகினே நிப்பேன் பாரு, அது ஆடினா மண்ணு உள்ள போய் அடைச்சுக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பைப்பு வேணாம்ப. உன்னைப் பத்தித் தெரியாதா எனக்கு?"

அவரு அழுதுகினுதான் சொன்னாரு. என்னைக் காப்பாத்தினதா நெனைச்சுகினு சொன்னாரு. பஞ்சும் ஈரத்துணியும் எதுக்குன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுது. நான் ஒடம்பால பண்ணேன்னு நெனைச்ச எல்லாத்தையும் ஒரு இரும்புப் பைப்பு பண்ணுச்சுன்றாரு. கேளம்பாக்கத்துல பண்ணதும் அதான், பொத்தேரியில பண்ணதும் அதான். மதுராந்தகத்துல போன கொழந்தையும் அந்தப் பைப்புக்காகத்தான் போச்சுன்றாரு. அந்த வெள்ளைக்கார அம்மா என் கையைப் புடிச்சதுகூட பொய்யி.

நான் கத்தல ஐயா. கொழம்பைச் சுட வச்சு சோறு போட்டேன். அவரு சாப்பிட்டாரு. சொல்லிட்டதுல பாரம் எறங்கின மாதிரி நல்லா சாப்பிட்டாரு.

"பைப்பு இல்லாம ஒரு தபா என்னைப் படுக்க வை. பார்த்துடலாம்"னேன்.

"என் கையால உன்னை சாவடிக்க மாட்டேன்."

தெனமும் கேட்டேன். தெனமும் அதையே சொன்னாரு. அவரு என்னை நம்பலன்றது எனக்கு ஒவ்வொரு நாளும் தெளிவாயிகினே வந்துச்சு. ஊரு பூரா நம்புச்சு. வேற தேசத்துக்காரி நம்புனா. கூடப் படுக்கற மனுசன் மட்டும் ஒரு நாளும் நம்பல. தலைமாட்டுல நின்னுகினு, 'பாருங்க ஜனங்களே, காத்து இல்ல, வெளிச்சம் இல்ல, ரத்னா மனோபலத்தால உசுரோட கீறாங்க'ன்னு மைக்குல சொல்லிகினு இருந்தவரு, அந்த ஒரு வார்த்தைய அவரே நம்பல.

அப்பால ஒரு நாளு வேற மாதிரி கேட்டேன். "நீ ஒரு நாளும் உள்ள படுத்ததில்ல. ஒரு தபா படுத்து பாரு. எனக்காக. அத்தோட நான் ஆட்டத்தை வுட்டுடறேன்."

அவருக்கு அவ்ளோ சந்தோசம். "மெய்யாலுமா?"ன்னாரு. "பைப்பு வச்சுடுவ இல்ல?"ன்னாரு. வைக்கறேன்னேன்.

காலையில போனோம். குப்பத்துக்கு வடக்கால சவுக்குத் தோப்பு கீது. ஆம்பளைங்க கடலுக்குப் போயிட்டாங்க, பொம்பளைங்க மீன் விக்கப் போயிட்டாங்க. அந்த எடத்துல மேலாக்க மணலு, கொஞ்சம் தோண்டினா கெட்டி மண்ணு. குழிய நான்தான் வெட்டினேன். அவரு மேல குந்திகினு, அந்த ஓரம் சரியுது பாரு, ஓலை சொருவுன்னு சொல்லிகினு இருந்தாரு. சட்டையைக் கழட்டி மடிச்சு வச்சாரு. வாட்சைக் கழட்டி என் கையில குடுத்தாரு. உள்ள எறங்கிப் படுத்துகினு, என்னைப் பார்த்து சின்னப் பையன் மாதிரி சிரிச்சாரு.

ஈரத்துணி போட்டேன். பஞ்சு வேணாம்னாரு, உன் குரல் கேக்கணும்னாரு. பலகை வச்சேன். சந்துக்கெல்லாம் களிமண்ணு அப்பினேன். கம்பத்தை ஓட்டையில எறக்கினேன். மைக்கு மாட்டல, மேல் வாய் தெறந்தே இருந்துச்சு. பக்கவாட்டுல இருந்த ஓட்டையை மட்டும் களிமண்ணால அடைச்சேன். பாய் போட்டு, மண்ணு தள்ளி, மெறிச்சேன்.

பைப்பு வழியா அவரு குரல் வந்துச்சு. மைக்குல ஊரு பூரா கேட்ட குரல், டப்பாக்குள்ள மாட்டிகின மாதிரி சின்னதா.

"ஆதி. கேக்குதா?"

"கேக்குது."

"அம்மாடி. இன்னா இருட்டுமே இது. இதுலயா நீ படுத்துகினு இருந்த?"  அப்பால, "காத்து நல்லா வருது. பயமில்ல. நீ மேலதானே கீற?"ன்னாரு.

"மேலதான் கீறேன்"னேன்.

அப்போ உள்ளங்கையை எடுத்து பைப்பு வாயில வச்சேன்.

கோவத்துல வச்சேன்னு எழுதாதீங்க. கோவம் எப்பவோ போயிடுச்சு. காத்து இல்லாமலும் மனுசன் இருக்கலாம்னு அவரு ஒடம்பே அவருக்குச் சொல்லணும்னு வச்சேன். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு, வேற யாரு சொல்றது? பூனைக்குட்டி மாதிரி மூச்சு சுருண்டுக்கும்னு சொன்னேனே, அது வர வரைக்கும்தான் பேஜாரு. அது வந்துடுச்சுன்னா அவரே புரிஞ்சுக்குவாரு. எழுந்து வந்து, 'நீ சொன்னது மெய்தான் ஆதி'ம்பாருன்னு நெனைச்சேன்.

உள்ளங்கையை உள்ளேருந்து இஸ்துச்சு. கொழந்தை வாய் வச்சு இஸ்துக்குமே, அந்த மாதிரி. வுட்டு வுட்டு இஸ்துச்சு, அப்பால வேகமா. பலகையை தட்டற சத்தம் காலுக்கடியில கேட்டுச்சு. தட்டாதய்யா, மூச்சு செலவாவும்னு சொன்னேன். கை மூடியிருந்ததால கேட்டிருக்காது. நான் ஒரு நாளும் தட்டினதில்ல.

இஸ்துகினு இருந்தது நின்னுச்சு. நான் கையை எடுக்கல. நான் படுக்கற நேரம் இன்னும் முடியல.

நெழலு காலடிக்கு வந்து, அந்தப் பக்கம் சாயற வரைக்கும் குந்திகினு இருந்தேன். என்னை எவ்ளோ நேரம் வச்சிருந்தாரோ அவ்ளோ நேரம். ஒரு நிமிசம்கூட ஜாஸ்தி வைக்கல. நியாயம்னா நியாயமா இருக்கணும் இல்ல? அப்பால தோண்டினேன். அவரு நகத்துல மண்ணு அடைச்சிருந்துச்சு. எடுத்து கழுவி வுட்டேன். முட்டியெல்லாம் சிராய்ச்சிருந்துச்சு, விளக்கெண்ணெய் கொண்டாந்து தடவினேன், அவரு எனக்குத் தடவற மாதிரியே. சட்டையைப் போட்டு வுட்டேன். வாட்சைக் கட்டி வுட்டேன். நேரா நாட்டாரு இருசப்பன் வூட்டுக்குப் போய், அவரைத் தோண்டி எடுத்துட்டேன், எழுந்துக்க மாட்டேங்கறாருன்னு சொன்னேன்.

அவரு சாவணும்னு நெனைச்சியான்னு கேக்கறீங்க. இல்ல. எழுந்து வரணும்னு நெனைச்சேன். ஆனா கையை எடுத்திருந்தா எழுந்து வந்திருப்பாரு, எடுக்கல, அதனால கொன்னது நான்தான். அதுல ரெண்டாவது பேச்சு இல்ல. கை வழுக்கல. யாரும் தூண்டல. புத்தி நல்லாத்தான் கீது. டாக்டரு மூச்சு முட்டி செத்தாருன்னு எழுதிகீறாராம். எழுதட்டும். பயந்து செத்தாரு ஐயா. பயந்தவனுக்கு ஊருக் காத்து பூரா குடுத்தாலும் பத்தாது.

தூக்குன்னா தூக்கு. ஆயுசுன்னா ஆயுசு. நான் கெஞ்ச மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான், எனக்கு அந்தப் பைப்பு வேண்டியிருந்துச்சுன்னு மட்டும் எங்கயும் எழுதிடாதீங்க. அவரு வச்சாரு, அது அங்க இருந்துச்சு. அதுல நான் மூச்சு வுட்டேன்னு யாரு பார்த்தாங்க? ரத்னா ஏமாத்திப் பொழைச்சவன்னு நாளைக்கு ஒருத்தனும் சொல்லக் கூடாது. வேணும்னா பரீட்சை வச்சுக்கோங்க. பைப்பு இல்லாம, பஞ்சு இல்லாம, உங்க கண்ணு முன்னாடியே படுக்கறேன்.

தோப்புல குழி காலியாத்தானே இருந்துச்சு, அன்னிக்கே நீ படுத்துப் பார்த்திருக்கலாமேன்றீங்க. அதையும் யோசிச்சேன் ஐயா. எறங்கிப் படுத்துக்கூட பார்த்தேன். மேல வானம்தான் தெரிஞ்சுது. மண்ணு போட ஆளு வேணும் இல்ல?

ஜெயில் வார்டருங்களை வுட்டு வெட்டச் சொல்றேன், படுக்கறியான்னு கேக்கறீங்க. வெளையாட்டுக்குக் கேக்கறீங்களா, மெய்யாலும் கேக்கறீங்களான்னு தெரியல. வார்டருங்க வேணாம் ஐயா. முன்ன பின்ன தெரியாதவங்க கையில எப்பிடி ஒடம்பைக் குடுக்கறது? கல்லு பொறுக்கணும். எப்போ எடுக்கணும்னு தெரியணும். நான் உள்ள இருக்கற வரைக்கும் அந்த எடத்தை வுட்டு ஒரு அடி நகரக் கூடாது. அப்பிடி ஒரே ஒரு ஆளுதான் இருந்தாரு.

அவரு வந்து வெட்டட்டும், இன்னிக்கே படுக்கறேன்.